வேலை நாளில் தொலையாத சொற்கள்

கண்ணாடிக் கடையில் அவனுக்கு ஏன்காரன் என்று பெயர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. அவனுக்கும் அதில் வருத்தம் கிடையாது. கண் பரிசோதனை முடித்து வருகிறவர்களுக்கு வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பது அவன் வேலை. "புதுக் கண்ணாடி போட்டா தலை வலிக்குது" என்று யாராவது திரும்பி வந்தால் மற்றவர்கள் "போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். அவன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்ப வலிக்குது? படிக்கும்போதா, படியிறங்கும்போதா? ஏன் ஒரு பக்கம் மட்டும் வலிக்குது?" என்று தொடங்கிவிடுவான். பாதிப் பேர் அலுத்துப்போய் எழுந்து போவார்கள். மீதிப் பேர் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் கண்ணாடி வாங்குவதில்லை.

அவன் மனைவிக்குத் துறைமுகத்தில் மேலக்கா என்று பெயர். பதினொரு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறாள். கப்பலில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கரையில் வரிசையாக வந்து நிற்கும் லாரிகளின் முதுகில் இறக்க வேண்டும். பெட்டியின் நாலு மூலையும் லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு முளைகளில் போய் உட்கார வேண்டும். லாரிக்குள் ஓட்டுநர் இருப்பார். அவள் உட்காரும் கேபின் தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. அதற்கு அடித்தளமே கண்ணாடிதான். முழங்கால் இரண்டையும் விரித்து, நடுவில் தலையைக் கவிழ்த்து, தன் பாதங்களுக்கு நடுவே தெரிகிற உலகத்தைப் பார்த்தபடியே ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இருபத்தைந்து பெட்டி. காற்று அடங்கியிருந்தால் முப்பது. எட்டு மணி நேர ஷிப்டில் பாதிக்கு மேல் குனிந்த முதுகு.

பதினொரு வருஷம் அப்படிக் குனிந்த முதுகு ஒரு நாள் மக்கர் பண்ணியது. முதுகெலும்பின் கடைசித் துண்டுக்கு மேலே மெத்தைபோல இருந்த வட்டு, அதாவது டிஸ்க், பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. பிதுங்கினதை வெட்டி எடுத்தார்கள். முதுகு சரியாகிவிட்டது. ஆறு மாதத்தில் மறுபடி கேபினுக்கு ஏறினாள். கால்தான் சரியாகவில்லை.

"எப்படி வலிக்குது?" என்று ஏன்காரன் கேட்டான். சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் எதிரே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குது."

"எப்படின்னா?"

"கொதிக்கிற தண்ணிய ஒரு நூல் மேல விட்டா வழிஞ்சுக்கிட்டே போகும்ல, அப்படி. இடுப்புல ஆரம்பிச்சு, பின்தொடை, கெண்டைக்கால், கடைசில சுண்டுவிரல். அங்க வந்து குந்திக்குது. போகமாட்டேங்குது."

"சுண்டுவிரல் மட்டுமா?"

"பக்கத்து விரலும்."

"பெருவிரல்?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு."

"அதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?"

"அதை நீங்களே கேட்டுக்குங்க" என்று காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். பள்ளிக்கூடப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்துவிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது.

நரம்பு டாக்டரம்மாவிடம் மேலக்கா தனியாகத்தான் போனாள். கடையில் அன்றைக்கு ஆள் குறைவு. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நரம்பை நெருக்கினது போய்விட்டது, ஆனால் ரொம்ப நாள் நெருக்குப்பட்ட நரம்பு தானாகவே வலி வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்றார். அதை அடக்கி வைக்க ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் சாப்பிட்டபின் ஒன்று. தூக்கம் வரும், தலை சுற்றும், வாய் உலரும், கால் வீங்கலாம், எடை போடலாம். சட்டென்று நிறுத்தக் கூடாது. பழகும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"துறைமுகத்துல."

டாக்டரம்மா ‘துறைமுகம்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மேலக்கா அவரைத் திருத்தவில்லை.

முதல் மாத்திரை போட்டது ஒரு விடுமுறை நாள். மத்தியானம் சோபாவில் சாய்ந்தவள் சாயங்காலம்தான் கண் விழித்தாள். எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள்.

"என்ன தேடறே?" என்றான் ஏன்காரன்.

"காணோம்ங்க."

"எது?"

"வலி" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது. அன்றைக்கு அவள் நாலு ரொட்டித் துண்டு, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சூப், அதற்கு மேல் மகளின் பங்கிலிருந்து பாதி ஆப்பிள் சாப்பிட்டாள். இது பசியா மாத்திரையா என்று ஏன்காரனுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாளே கடையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்துவிட்டான்.

நோட்டில் பத்தி பத்தியாகப் பிரித்தான். காலை வலி, சாயங்கால வலி, படுக்கப்போகும் முன் வலி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண். தூக்கம் எத்தனை மணி நேரம். வாய் உலர்வு உண்டா இல்லையா. கணுக்கால் சுற்றளவு. அதை அளக்கத் தையல் நாடா ஒன்றைச் சமையலறை இழுப்பறையிலேயே வைத்திருந்தான். மேலக்காவுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. "நான் என்ன உங்க கடைக்கு வந்த கிராக்கியா?" என்றாள். பிறகு பழகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவன் கேட்கும் முன்பே "ஆறு" என்பாள். "நாலரை" என்பாள். அரை வைத்தால் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

கடைசிப் பத்தி மகள் சேர்த்தது. அதற்குத் தலைப்பு: அம்மா தொலைத்த சொற்கள்.

அது தொடங்கியது ஒரு மழை நாளில். வாசலில் நின்றுகொண்டு மேலக்கா, "அந்த… அதை எடு" என்றாள்.

"எதைம்மா?"

"அதான். மழைக்குத் தலைக்கு மேல பிடிக்கிறது."

"குடையா?"

"அதேதான்! எனக்கு வாயில வரவே மாட்டேங்குது. மழைத்தொப்பின்னுதான் வருது."

அதற்குப் பிறகு கத்தரிக்கோல் ரெட்டைக்கத்தி ஆயிற்று. தலையணை தலைப்பெட்டி. வியாழக்கிழமையைக் காணவில்லை. ‘புதனுக்கு அடுத்த வீடு’ என்றாள். எதிர்வீட்டுக்காரியின் தொழிலை மறந்துபோய் ‘பல்லைப் பிடுங்கற அம்மா’ என்று அவளிடமே சொன்னாள். பல் டாக்டரான அந்தம்மா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதினாள். உண்மையான சொற்களைவிட அம்மாவின் சொற்கள் நன்றாக இருக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் குடையை மழைத்தொப்பி என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாம் மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன்காரன் நோட்டைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எண்களை ஒரு பெரிய தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தான். வலி ஏறி இறங்கும் என்று எதிர்பார்த்தான். ஏறி இறங்கியது. ஆனால் அது வாய்ப்பாடு சொல்வதைப்போல் ஏறி இறங்கியது. இரண்டு, இரண்டு, பிறகு நாலு, ஆறு, ஏழு, எட்டு. மறுபடி இரண்டு, இரண்டு, நாலு, ஆறு, ஏழு, எட்டு.

மேலக்காவுக்கு நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. ஷிப்ட் எப்போதும் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை.

வேலை செய்தால் வலி கூடத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தான். குனிகிறாள், நாலு நாள் குனிந்தால் ஏறத்தான் செய்யும். அதோடு விட்டிருப்பான். கடைசிப் பத்தியில் கண் போயிற்று. குடை தொலைந்தது ஓய்வு நாள். கத்தரிக்கோல் ஓய்வு நாள். தலையணை, வியாழக்கிழமை, பல் டாக்டர், பதினேழு சொற்களும் ஓய்வு நாட்களில். வேலை நாளில் ஒரு சொல்கூடத் தொலையவில்லை. வீட்டுக்கு வந்தபின் சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஏன் தொலையவில்லை? கணுக்கால் அளவைப் பார்த்தான். ஓய்வு நாளில் வீக்கம், மூன்றாம் வேலை நாளில் வடிந்திருந்தது. வாய் உலர்வும் அப்படியே. தூக்கம் மட்டும் தலைகீழ். வேலை நாளில் மூன்று மணி நேரம், உடம்பெல்லாம் வியர்வை.

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

மேலக்காவின் பை கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. மாத்திரை அட்டை அதற்குள் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்பது வேறு, ஒரு ஆளின் பையைத் துழாவுவது வேறு என்று தோன்றியது. எழுந்து போய்த் தேநீர் போட்டு, இரண்டு கோப்பையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"நீங்க கேக்காம இருந்தாத்தான் அதிசயம்."

"வேலைக்குப் போற நாள்ல மாத்திரை போடறதில்லையா?"

அவள் கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கையை உள்ளே தள்ளினாள். இன்னொரு கையைத் தள்ளினாள். காலரை நீவினாள்.

"பையில பாத்தீங்களா?"

"இல்ல. நோட்டுல பாத்தேன்."

"நோட்டு என்ன சொல்லுது?"

"வேலை நாள்ல உனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கலைன்னு சொல்லுது."

மேலக்கா சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். துறைமுகத்தில் வலியை மறைத்திருக்கிறாள், வீட்டில் மாத்திரையை மறைத்திருக்கிறாள், மறக்காமல் இருப்பதை மறைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்து அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்புக்கூட வந்தது. சிரிக்கவில்லை.

"அதைப் போட்டுக்கிட்டு மேல ஏறினேன், ஒரே ஒரு நாள்" என்றாள். "முதல் வாரம். பெட்டியோட மூலை ரெண்டா தெரிஞ்சுது. எது நிஜ மூலைன்னு தெரியல. கண்ணை மூடித் திறந்தா சரியாகுது, மறுபடி ரெண்டு. கீழ லாரிக்குள்ள ஒரு ஆளு உக்காந்து ஏதோ தின்னுக்கிட்டிருக்கான், எனக்கு அவன் கையி தெரியுது. அன்னிக்கு எப்படி ஓட்டி முடிச்சேன்னு எனக்கே தெரியாது. அதான் வேலை நாள்ல போடறதில்ல. ஓய்வு நாள்ல சேத்துப் போட்டுக்கறேன்."

"சேத்துன்னா?"

"ரெண்டு ரெண்டா."

"டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"நான் கிரேன் ஓட்டறேன்னே சொல்லல."

"ஏன்?"

இந்த ஒரு ‘ஏன்’ அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, ஏன்னா… உங்களுக்கு எல்லாமே கேள்விதான். அங்க இதுவரைக்கும் உடம்புக்காகக் கீழ இறங்கினவங்க நாலு பேரு. ஒருத்தரும் திரும்ப ஏறினதில்ல. ஒருத்தரு இப்ப வாசல் கேட்டுல உக்காந்து சீட்டு வாங்கி வைக்கிறாரு. நான் போகும்போதெல்லாம் அண்ணாந்து மேல பாத்துக்கிட்டிருக்காரு. எனக்கு மேல இருக்கணும். கால் வலிக்கட்டும். கால்தானே வலிக்குது? கையா வலிக்குது?"

ஏன்காரன் ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். தேநீர் ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவளே, "அடுத்த தடவை போகும்போது சொல்லிடறேன்" என்றாள்.

"அது பன்னண்டு நாள் இருக்கே."

"பன்னண்டு நாள்தானே."

அவளுக்கு அந்தப் பன்னிரண்டு நாள் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஓய்வு நாளின் கடைசி. அதற்கடுத்த நாலாம் நாள், வியாழக்கிழமை, காற்று காலையிலிருந்தே தென்மேற்கிலிருந்து விட்டுவிட்டு அடித்தது. காற்றுமானி எச்சரிக்கை அளவுக்குச் சற்றுக் கீழேயே ஆடிக்கொண்டிருந்ததால் வேலை நிற்கவில்லை. பெட்டிகள் கயிற்றில் ஆடின. ஆடும் பெட்டியைக் கிரேனையே சற்று முன்னே ஓட்டிப் பிடித்து அடக்குவது மேலக்காவுக்குக் கைவந்த வேலை. பதினொரு வருஷத்தில் அவள் இடது கைக்கே அது தெரிந்துபோயிருந்தது. வலது கை ஏற்றவும் இறக்கவும், இடது கை முன்னே பின்னே போகவும்.

கீழே நின்று வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தவன் மைக்கு. அவன் குரலுக்கு வாக்கி டாக்கியே வேண்டாம் என்பதால் வந்த பெயர். ஒன்பது வருஷமாக அவளுக்கு அவன்தான் கீழ்க்கண்.

"இறக்கு. இறக்கு. மெதுவா. ரெண்டு மீட்டர். ஒரு மீட்டர்…"

காலில் அந்தக் கொதிநீர் ஓடியது அப்போதுதான். வழக்கம்போல நூலாக ஓடவில்லை. முழுக் காலும் ஒரு தரம் உதறியது. உடம்பு தூக்கிவாரிப் போட்டதில் இடது கை பிடியைத் தள்ளிவிட்டது. முப்பது டன் பெட்டி முன்னே நகர்ந்தது.

ஆனால் அதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே மைக்கு "நில்லு!" என்று கத்தியிருந்தான். வலது கை இறக்கத்தை நிறுத்தியிருந்தது. பெட்டி லாரியின் மேல் விழவில்லை. முக்கால் மீட்டர் உயரத்திலேயே ஆடிப் போய் ஓட்டுநர் அறையின் பின்புறத்தில் பக்கவாட்டாக இடித்தது. தகரம் நசுங்கிய சத்தம் அந்த உயரத்தில் அவளுக்கு நேராகக் கேட்கவில்லை. வாக்கி டாக்கியில் கேட்டது. லாரி ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடினார். தூரமாகப் போய் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பெட்டியைத் திரும்பத் தூக்கி, நிலைக்குக் கொண்டுவந்து, காலியாக இருந்த கரையில் இறக்கி வைத்துவிட்டு, மேலக்கா கேபினிலிருந்து வெளியே வந்தாள். மின்தூக்கியில் இறங்கும்போது அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. கால் உதறியதற்குப் பிறகு அவன் கத்தியிருந்தால் அது நியாயம். முன்னாடியே எப்படிக் கத்தினான்?

கீழே இறங்கியதும் முதலில் லாரி ஓட்டுநரிடம் போனாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். "என் தப்புங்க" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மைக்கிடம் வந்தாள்.

"அண்ணே. ஒரு மீட்டர்ல நீ எப்பவும் ‘மெதுவா’ன்னுதானே சொல்லுவே. நில்லுன்னு ஏன் சொன்னே?"

மைக்கு ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "மூணு வாரமாவே சொல்றேன். நீதான் கவனிக்கல."

"என்ன சொல்றே?"

"மூணு வாரமா உனக்கு எல்லாத்தையும் அரை நொடி முன்னாடியே சொல்லிக்கிட்டிருக்கேன். கடைசி மீட்டர்ல ஒரு தடவை நிறுத்தி, அப்புறம் இறக்கச் சொல்றேன். நாலு நாள் வேலையில முதல் ரெண்டு நாளு அப்படி இல்ல, கடைசி ரெண்டு நாளு மட்டும்."

"ஏன்?"

"உன் குரலு. நான் நில்லுன்னா நீ ‘நின்னுட்டேன் அண்ணே’ன்னு சொல்லுவே. ஒன்பது வருஷமா அப்படித்தான். இப்ப கடைசி ரெண்டு நாளு வெறும் ‘ம்’முதான் வருது. பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கிற ஆளுக்குத்தான் ‘ம்’ வரும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே."

"கேட்டா நீ ஒண்ணுமில்லேன்னு சொல்லுவே. உன்னைப் பொய் சொல்ல வச்சுட்டு அப்புறம் அந்தப் பொய்க்குக் கீழ நானே நிக்கணும். எதுக்குன்னு விட்டுட்டேன்." ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். "கேட்டிருக்கணும்தான். நானும் தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி."

மேலக்கா நேராக ஷிப்ட் அதிகாரியின் அறைக்குப் போனாள். காற்றுதான் காரணம் என்று அவரே எழுதத் தொடங்கியிருந்தார். காற்றில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையின் பெயரைச் சொன்னாள். எத்தனை நாள் போட்டாள், எத்தனை நாள் போடவில்லை என்பதைச் சொன்னாள். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு, "இதை எழுதினா உங்களை நான் இறக்கியாகணும், தெரியும்ல?" என்றார்.

"நான் இறங்கித்தானே சார் வந்திருக்கேன்" என்றாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் இரண்டு பேரும் போனார்கள். மேலக்கா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டறேன்" என்றாள். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏன்காரன் நீட்டிய நோட்டை வாங்கினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் பத்து நிமிஷம் படித்தார். தொலைந்த சொற்களின் பத்திக்கு வந்தபோது மழைத்தொப்பியைப் பார்த்து அவர் முகம் ஒரு கணம் மாறி, மறுபடி கண்டிப்பானது.

"இந்த மாத்திரையை இப்படி விட்டுவிட்டுப் போட்டது வலியைவிட மோசம்" என்றார். "அது இருக்கிற நாள்ல நரம்பு அடங்குது. எடுத்ததும் ரெண்டு மடங்காக் கத்துது. வேலையினால வந்ததுன்னு நீங்க நினைச்ச எட்டுல பாதி, மாத்திரையை நிறுத்தினதால வந்தது. வியர்வை, தூக்கமின்மை எல்லாமே அதுதான். கை கால் உதறினதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்."

"அப்ப வேலையினால வர்ற வலி வெறும் நாலுதானா?" என்றான் ஏன்காரன்.

"இருக்கலாம். இனிமேத்தான் தெரியும்."

"அதைக் குறைச்சுட்டு வேற போட்டா மேல ஏற முடியுமாம்மா?" என்றாள் மேலக்கா.

"தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு முடியுது, சிலருக்கு முடியல. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். இன்னொண்ணை மெதுவாச் சேப்போம். மூணு மாசம் நீங்க தரையில இருக்கணும். ஒரு மாத்திரையைக்கூட நீங்களா முடிவெடுத்து விடக் கூடாது. விட்டா எனக்குப் போன் பண்ணணும்." பிறகு ஏன்காரனைப் பார்த்தார். "நீங்க இதை எழுதறதை நிறுத்தாதீங்க. ஆனா இனிமே அவங்க கையால எழுதட்டும்."

அந்த மூன்று மாதம் லேசில் போகவில்லை. புது மாத்திரை முதல் இரண்டு வாரம் குமட்டிக்கொண்டே இருந்தது. காய்ந்த ரொட்டியும் வெந்நீரும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. முன்பு தின்று ஏறிய எடையில் பாதி அதில் போயிற்று. வாய் முன்னைவிட உலர்ந்தது. பழைய மாத்திரையைக் காலையில் குறைத்த வாரம் வலி ஏழுக்குப் போய் நின்றது. அந்த வாரம் லீவு போட்டுவிட்டு, பொழுது விடிந்ததிலிருந்து தரையில் மல்லாந்து படுத்து, காலை நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் படுத்துப் பாடம் படித்தாள். "ஒரு மாத்திரை சேத்துப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்று ஒரு நாள் மேலக்கா சொன்னாள். "எனக்குத் தெரியும். நீ அப்புறம் குடையை மறப்பே" என்றாள் மகள்.

துறைமுகத்தில் அவளைத் திட்ட அறையில் போட்டார்கள். எந்தப் பெட்டி எந்த வரிசையில் போகவேண்டும் என்று திரையில் அடுக்கும் வேலை. அங்கே மேசையை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தாள், அரை மணி நேரம் நின்றாள். கேட்டில் சீட்டு வாங்கும் மனிதரிடம் ஒரு நாள் தானாகவே போய் நின்று, "உங்களுக்கு என்ன ஆச்சு? எங்க வலிச்சுது? யாரும் கேட்டாங்களா?" என்றாள். கழுத்து என்றார் அவர். யாரும் கேட்கவில்லை என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது, ஏன்காரன் ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு அவளை முழுவதும் பேசவிட்டான்.

பதிமூன்றாம் வாரம் அவள் தன் கையால் எழுதியிருந்த எண்கள் மூன்று, நாலு, மூன்று, மூன்று என்று போயின. எட்டு இல்லை. பூஜ்யமும் இல்லை. "பூஜ்யம் வராது, அந்த ஆசையை விட்டுடுங்க" என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கம்பெனி டாக்டர் கண்ணைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், ஒரு பொத்தானை விளக்கு எரிந்ததும் அமுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஓட்டலாம், கூடவே இன்னொரு ஓட்டுநர் இருக்கவேண்டும், மாதாமாதம் வந்து காட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

மறுபடி ஏறிய முதல் நாள் வானம் சுத்தமாக இருந்தது. பாதங்களுக்கு நடுவே கப்பலின் மேல்தளம் விரிந்தது. பெட்டியின் மூலை ஒன்றாகவே தெரிந்தது. முதல் பெட்டி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நாலாம் பெட்டிக்குக் கை பழைய கை ஆகிவிட்டது.

"நில்லு" என்றான் மைக்கு.

"நின்னுட்டேன் அண்ணே" என்றாள்.

பிறகு, "இறக்கு" என்றான்.

ஒன்றரை மணி நேரம் போனதும் கெண்டைக்காலில் மெல்லக் காந்தத் தொடங்கியது. நாலு. ஒரு பெட்டி இறக்கினாள். நாலரை. இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. கீழே ஏழு லாரிகள் நின்றன. கப்பலின் அந்த வரிசையில் மூன்றே பெட்டி மிச்சம். பக்கத்தில் நின்றிருந்த இளைய ஓட்டுநர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய மேலக்காவாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றையும் முடித்திருப்பாள். இந்த மேலக்கா பெட்டியைக் கரையில் பத்திரமாக விட்டுவிட்டு, இருக்கைப் பட்டையை அவிழ்த்தாள்.

"அண்ணே, நாலரை ஆயிடுச்சு. நான் இறங்கறேன். இவரு தொடருவாரு."

"சரி தங்கச்சி" என்றான் மைக்கு. அவ்வளவுதான்.

இறங்கி, மஞ்சள் கோட்டை ஒட்டி அவனை நோக்கி நடந்தாள். பத்தடி வைப்பதற்குள் இடது பாதத்தின் நடுவில் சுருக்கென்றது. நின்றாள். இன்னொரு அடி வைத்தாள். மறுபடி சுருக். அவள் முகம் வெளுத்துவிட்டது. இந்த இடத்தில் இதுவரை வலித்ததில்லை. பாதத்துக்கு அடியில், நடுவில், ஊசியாக. மூன்று மாதம் குமட்டி, தரையில் கிடந்து, ஒன்றரை மணி நேரம் மேலே உட்கார்ந்ததற்கு இன்னொரு நரம்பா?

"என்ன?" என்றான் மைக்கு.

"புது எடத்துல வலிக்குதுண்ணே."

"எங்க?"

"பாதத்துக்கு நடுவுல. கால் வச்சா வலிக்குது, எடுத்தா இல்ல."

மைக்கு அவள் காலைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். "ஷூவைக் கழட்டித்தான் பாரேன்."

கப்பலைக் கட்டும் இரும்புக் குத்துக்கல்லின் மேல் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தாள். பட்டாணி அளவில் ஒரு சரளைக்கல் சிமெண்டுத் தரையில் விழுந்து, இரண்டு குதி குதித்து நின்றது.

இருவரும் அதையே பார்த்தார்கள். மேலக்காவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்துக்கொண்டே இருந்தாள். லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"வலின்னா இப்படி இருக்கணும்ணே" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கழட்டி உதறினா போயிடணும்."

வெறும் பாதத்தைச் சூடான சிமெண்டில் வைத்துப் பார்த்தாள். சூடு தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பூட்ஸை மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.